உத்தரமேரூர்ச் சாசனமும் ஊரறிய வேண்டுவனவும்



காஞ்சி மாநகர்க்குத் தெற்கே, பரந்ததோர் ஏரியின் அண்மையில் விளங்கும் உத்தரமேரூரை அறியாதார் நம்முள் ஒருவரும் இரார். நம்மிற் சிலர்க்கு அது பிறந்த ஊர். சிலர்க்குப் பெண் கொண்ட ஊர். ஏனையோர்க்குச் சந்தைக்கும் தாலுகாக் கச்சேரிக்கும் சென்று மீளும் ஊர். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே பொறிக்கப்பட்ட பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டின் புகழ் கடல் கடந்தும் பரவியுள்ளது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் தேதி டெல்லியிலே புதிய பாராளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய பிரதம மந்திரியும் தம் பிரசங்கத்தில் அவ்வூரின் பெயரை எடுத்துரைத்தார்.

ஆயினும், இச்சாசனங்களைப் புகழ்வோர் பெரும்பாலும் குடவோலை என்னும் தேர்தல் முறை ஒன்றையே பேசி அமைகின்றனர். அத்தேர்தலுக்கு உயிராய் நின்ற மற்றோர் ஏற்பாட்டை அவர்கள் கருதுவதில்லை. அது யாதெனின், ஊர்க்காரியம் ஊரார் கண்முன் நடைபெறல் வேண்டும் என்பதும், ஊர்ப்பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்டியே தீரல் வேண்டும் என்பதுமாம். இவ்விஷயத்தைப் பற்றி இத்திங்கள் எழுதலாயினமைக்கு நம் சங்கத்திலேயே ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் உரைப்போம்.

நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கும், கல்வி நிதியினின்று உதவி பெற்ற மாணாக்கர் பட்டியலும் சில ஆண்டுகளாக நம் வலைத்தளத்தில் யாவரும் காணுமாறு வெளியிடப்பட்டு வருகின்றன. சென்ற ஆண்டு அப்பட்டியலில் மாணாக்கர் பெயர்களோடு அவர்தம் வீட்டுக் கைப்பேசி எண்களும் தந்தைமார் வருமானமும் சேர்ந்து வெளியாயின. அதனைக் கண்ட வஞ்சகர் எவரோ, ஒரு மாணவியின் தாயாரை அழைத்து, உதவித்தொகையின் மறு தவணை வந்திருப்பதாகச் சொல்லி நம்பவைத்து, அவ்வம்மையார் வங்கியில் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கவர்ந்துகொண்டனர். அப்பட்டியல் வெளியாகுமுன் யாமும் அதனைப் பார்வையிட்டவர்தாம். எழுத்துப்பிழை பார்த்தோமேயன்றி எண்களை நீக்கச் சொன்னோமில்லை. ஆகலின் அப்பிழையில் எமக்கும் பங்குண்டு.

இதன் பின்னர் அங்கத்தினர் சிலர் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்துள்ளனர். கணக்கு, பட்டியல், நிர்வாக சபையின் முடிவுகள் ஆகிய யாவற்றையும் வலைத்தளத்தினின்று எடுத்துவிட்டு, நிர்வாகிகள் மட்டும் கடவுச்சொல் இட்டுக் காணுமாறு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வருகின்ற பொதுக்கூட்டத்தில் அது வாக்குக்கு விடப்படும். அதனை எழுதியவர்கள் நல்லெண்ணமுடையவர்களே. இரக்கத்தாற் பிறந்த தீர்மானமே அது. ஆயினும் இரக்கத்தாற் பிறந்த ஏற்பாடு பின்னர் யார் கைக்கு ஆயுதமாகும் என்பதை எண்ணிப் பார்த்தல் நம் கடமையன்றோ? அவ்வாறு எண்ணுவதற்கு நம் ஊர்ச் சுவரினும் சிறந்த ஆசிரியன் இல்லை.

கல்லிற் கண்டது

பராந்தகன் 907-ஆம் ஆண்டு முதல் 955-ஆம் ஆண்டு வரை அரசாண்டவன். மதுரை கொண்ட பரகேசரி எனப் பெயர் பெற்றவன். மேற்கூறிய சாசனங்களுள் முன்னது அவனது 12-ஆம் ஆட்சியாண்டிலும், பின்னது 14-ஆம் ஆட்சியாண்டிலும் எழுதப்பட்டன. அவை ஏறக்குறைய 919, 921 ஆகிய ஆண்டுகளாம். 1898-ஆம் ஆண்டில் சாசன இலாகாவினர் இவற்றைப் பதிவு செய்தனர். அறிஞர் வெங்கையா 1904–05-ஆம் ஆண்டின் தொல்பொருள் ஆராய்ச்சி அறிக்கையில் இவற்றை விளக்கி வெளியிட்டார். பின்னர்ப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளிவந்த தம் நூலில் இவ்வூர்ச் சபையைப் பற்றி விரிவாக எழுதினார்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் தாங்கிய வாயோலை வைத்துக் கட்டி, குடத்தில் இட்டனர். சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர் என்று தெரிந்தெடுத்தனர். பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் வேறாக இருந்தன. வாரியம் செய்வார்க்குரிய காலம் 360 நாள். காலம் முடிந்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் வரலாகாது.

ஓலை எடுக்கும் முறையை நேயர்கள் ஊன்றி நோக்குவார்களாக. சிறுவரும் முதியவருமாகச் சபை நிறைந்திருத்தல் வேண்டும். அன்று ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரும் விடாமல் வந்து அமர்தல் வேண்டும். அவர்களுள் முதியவர் எழுந்து, குடத்தை அனைவரும் காணுமாறு தூக்கிப் பிடித்து நிற்க, உள்ளே இருப்பது இன்னதென அறியாத ஒரு பாலன் ஒரு கட்டினை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அவற்றுள் ஒன்றை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்றல் வேண்டும். ஏற்று உரக்க வாசித்தல் வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் தாமும் வாசித்தல் வேண்டும். இத்தனையும் முடிந்த பின்னரே அப்பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? மூடிய கையினுள் ஓலை மாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மத்தியஸ்தன் கள்வன் என்று அவர்கள் சொன்னார்களில்லை. நல்லவனாயினும் அவன் கை திறந்தே இருத்தல் வேண்டும் என்று மாத்திரம் விதித்தார்கள். ஒருவனுடைய நாணயத்தை மாத்திரம் நம்பி ஏற்பாடு செய்வது ஒன்று. அவன் நாணயத்தை ஊரார் காணுமாறு ஏற்பாடு செய்வது மற்றொன்று. நம் ஊர்ச் சபையார் பின்னதையே கொண்டனர்.

அடுத்து, யாவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்னும் பகுதியைக் காண்போம். அவ்வரிசையிலே முதன்மையாக நிற்பவன், முன்பு ஏதேனும் ஒரு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன். அவனோடு நில்லாது அவன் உறவினரையும் சாசனம் விலக்குகின்றது. தாயுடன் பிறந்த பெண்டிர் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடும் தந்தையோடும் பிறந்த ஆடவர், அவன் உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு ஒவ்வொன்றும் தனித்தனியே சொல்லப்படுகின்றது. கணக்கன் ஒருவன் தான் எழுதிய கணக்கைத் தானே காட்டி, சுத்தன் எனப் பெரியோர் ஏற்றுக்கொண்ட பின்னரே மீண்டும் கணக்கெழுதப் புகலாம். அவனுக்குப் பதிலாக மற்றொருவன் புகுந்து அவன் கணக்கை முடித்தல் ஆகாது. இவ்விதிகளைக் காணுங்கால், ஊர்ப்பணம் எவ்வழியெல்லாம் ஒளியும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்களே இவற்றை எழுதினர் என்பது விளங்கும்.

இன்னுமொன்று. முதற் சாசனம் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் என்று விதித்தது. இரண்டாவது அதனை 35 முதல் 70 வரை என மாற்றியது. இரண்டே ஆண்டுகளில் விதி திருந்தியது. ஆயினும் பழைய எழுத்தைச் செதுக்கி எறிந்தார்களில்லை. பழையதும் புதியதும் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக ஒரே கோயிலில் நிற்கின்றன. எது மாறியது, எப்பொழுது மாறியது என்று இன்றும் யாவரும் ஒப்பிட்டு அறியலாம். கல்லில் ஓர் எழுத்தை அழித்தாலும் உளியின் தழும்பு காட்டிக்கொடுக்கும். இக்காலத்து வலைத்தளத்திலோ ஓர் எண்ணை நள்ளிரவில் மாற்றினால் விடியற்காலையில் அதன் சுவடும் இராது. ஆதலின் கல்லுக்கு வேண்டாத காவலும் இதற்கு வேண்டும். அக்காவல் பலருடைய கண்களேயாம்.

குறையும் கூறுவோம்

பழம்பெருமை பேசுதல் நம் போன்ற பத்திரிகைகளின் வழக்கம். யாம் அதற்காக இதனை எழுதவில்லை. உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலம் அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற ஊர். அச்சபையில் இடம் பெற்றவர் அவர்களே. அவர்களுள்ளும் கால்வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையவரே. மந்திரப் பிராமணம் அறிந்து ஒரு வேதத்திலும் ஒரு பாஷியத்திலும் வல்லவனுக்கு நிலம் அரைக்காலாயினும் போதும் என்று ஒரு சலுகை இருந்தது, அவ்வளவே. ஏரி வெட்டியவர்க்கும், ஏர் பிடித்தவர்க்கும், நெசவு செய்தவர்க்கும், பெண்டிர் எவர்க்கும் குடத்தில் ஓலை இல்லை. தாழ்ந்தோர் எனப்பட்டாரோடு பழகியவனையும் பிராயச்சித்தம் செய்யுமளவும் விலக்கிவைத்தது அச்சாசனம். எழுத்து வெளியே இருந்தது. எழுத்தறிவோ வெளியே இருந்ததில்லை. நம் முன்னோருள் எத்தனை பேர் அச்சுவரைக் கடந்து சென்றும் அதனை வாசிக்க மாட்டாதிருந்தனரோ, யார் அறிவார்!

ஆகவே, ஏடு திறந்திருந்தால் மட்டும் போதாது, அதனைப் படிக்கும் தகுதியும் கேள்வி கேட்கும் உரிமையும் யாவர்க்கும் வேண்டும் என்பதும் அச்சுவர் நமக்குக் கற்பிக்கும் பாடமே. இன்று நம் பிள்ளைகள் அச்சுவரையும் வாசிப்பர். கைப்பேசியில் சர்க்கார் ஏட்டையும் வாசிப்பர். வாசிக்கும் தகுதி நமக்கு வந்திருக்கும் இக்காலத்தில் ஏட்டை மூடிக்கொள்ளுதல் எவ்வளவு கொடிது!

ஏட்டை மூடிய காலமும் திறந்த காலமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1889-ஆம் ஆண்டு சர்க்கார் இரகசியச் சட்டம் பிறந்தது. 1904-இல் கர்சன் பிரபு காலத்தில் அது படை சம்பந்தமான விஷயங்களினின்று சிவில் நிர்வாக விஷயங்களுக்கும் நீட்டப்பட்டது. அதனைச் சட்டசபையில் எதிர்த்துப் பேசியவர் கோபால கிருஷ்ண கோகலே. 1923-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் சுதந்திரத்திற்குப் பின்னும் நிலைத்து நிற்கின்றது. ஐரோப்பாவில் ஸ்வீடன் தேசத்தார் 1766-ஆம் ஆண்டிலேயே சர்க்கார் ஏடுகளைப் பிரஜைகள் பார்வையிடும் உரிமையைச் சட்டமாக்கிவிட்டனர். நாமோ அதன் பின்னரும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல், 'இது இரகசியம்' என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சிக் கச்சேரி வாயிலில் நின்றோம்.

ஏடு திறந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1997-ஆம் ஆண்டிலேயே, தேசம் முழுமைக்கும் சட்டம் வருமுன், நம் மாநிலம் தகவல் பெறும் உரிமைக்கு ஒரு சட்டம் செய்தது. விதிவிலக்குகள் மலிந்திருந்தமையால் அது பெரும்பயன் தரவில்லை. இராஜஸ்தானத்துக் கிராமத்தாரே வழி காட்டினர். அங்கே 1990-இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் சங்கத்தார், 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி கோட் கிரானா என்னும் ஊரில் ஜனங்களைக் கூட்டி, சர்க்கார் வேலைகளின் கூலிப் பட்டியலை உரக்க வாசித்தனர். வேலைக்கே வாராதவர் பெயரால் கூலி எழுதப்பட்டிருந்தமை ஊரார் வாயினாலேயே வெளிப்பட்டது. நம் மத்தியஸ்தன் ஓலையை வாசித்தான். அவர்கள் பட்டியலை வாசித்தனர். வாசிக்கப்பட்டது பெயர்தான். பெயரை மறைத்து, ‘இத்தனை பேர்க்கு இவ்வளவு கூலி’ என்று தொகையை மட்டும் படித்திருந்தால் அக்களவு எந்நாளும் வெளிப்பட்டிராது.

இத்தகைய முயற்சிகளின் பயனாக 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்து, அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் தேதி முழுமையாக அமலுக்கு வந்தது. அதன் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்குமுன்னரே சர்க்கார் அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டுவன இவை என்று விதிக்கின்றது. உத்தியோகஸ்தர் சம்பளம், மானியம் பெறுவோர் விவரம், சலுகையும் அனுமதியும் பெற்றோர் விவரம் ஆகியன அவற்றுள் அடங்கும். இணையத்தின் வாயிலாகவும் அவற்றை வெளியிடுமாறு அச்சட்டம் கூறுகின்றது. அதாவது, இணையத்தையே ஊரின் சுவராகக் கொண்டது அச்சட்டம்.

இன்றைய நிலை

அச்சட்டத்தின் 8(1)(j) பிரிவு ஒருவரது சொந்தத் தகவலுக்குக் காவல் செய்திருந்தது. பொதுக்காரியத்தோடு சம்பந்தமில்லாததும், காரணமின்றி ஒருவரது அந்தரங்கத்திற் புகுவதுமான தகவலைத் தர மறுக்கலாம். ஆயினும் பொதுநன்மை பெரிதாயின் தருதல் வேண்டும் என்றிருந்தது அது. பாராளுமன்றத்திற்கும் சட்டசபைக்கும் மறுக்கலாகாத தகவலைச் சாமானியனுக்கும் மறுக்கலாகாது என்னும் அரிய வாசகமும் அதனோடு இணைந்திருந்தது. 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இவ்வளவையும் நீக்கி, சொந்தத் தகவல் என்றால் மறுக்கலாம் என்னும் ஒற்றை வாசகமாகச் சுருக்கிவிட்டது. அது 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. பொதுநன்மை கருதி வெளியிட இடந்தரும் 8(2) பிரிவு இன்னும் இருக்கின்றது என்று சர்க்கார் தரப்பார் கூறுவர். அது மெய்யே. ஆயினும் முன்பு, இஃது அந்தரங்கமா, பொதுக்காரியமா என்று ஆராயாமல் அதிகாரி மறுக்கலாகாது. இன்றோ பெயர் ஒன்று இருந்தாலே கதவை அடைக்கலாம். திறப்பிக்கும் பாரம் கேட்பவன் தலையில் விழுந்தது.

நம் ஊர்ச் சாசனத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. 'இவர் முன்பு வாரியம் செய்தாரா? கணக்குக் காட்டினாரா? இப்பொழுது பதவி கேட்பவர் அவர்க்கு என்ன முறை?' இம்மூன்று கேள்விகளும் ஒருவரது சொந்தத் தகவலே. இன்று ஓர் அலுவலகத்தில் இவற்றை எழுதிக் கேட்போமாயின், ஒரு வரியில் மறுமொழி வந்துவிடக்கூடும். பராந்தகன் காலத்துச் சபையார் எக்கேள்விகளைத் தங்கள் ஏற்பாட்டின் அடித்தளமாக வைத்தனரோ, அக்கேள்விகளையே இன்று கேட்கக் கூசும் நிலை வந்திருக்கின்றது.

மறைப்பினால் விளையும் மற்றோர் அபாயமும் உண்டு. நீக்கப்பட்டவனுக்குத் தான் நீக்கப்பட்டது தெரியாமற் போவதே அது. 2025-ஆம் ஆண்டு பிகாரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்து, ஆகஸ்ட் 1-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வெளியாயிற்று. முன்னிருந்தவர்களுள் ஏறக்குறைய 65 லட்சம் பேர் அதில் இல்லை. அவர்கள் யாவர், ஏன் நீக்கப்பட்டனர் என்பதைத் தனிப்பட்டியலாக வெளியிட விதியில் இடமில்லை என்று தேர்தல் ஆணையத்தார் கூறினர். உச்ச நீதிமன்றமோ ஆகஸ்ட் 14-ஆம் தேதி, அப்பெயர்களைக் காரணத்துடன் வலைத்தளத்திலும் உள்ளூர் அலுவலகங்களிலும் வெளியிடுமாறு உத்தரவிட்டது. இறந்துவிட்டார் என எழுதப்பட்டவர் உயிருடன் இருப்பின், தாம் இருக்கின்றோம் என்று வந்து சொல்வதற்குப் பெயர் வெளியானால்தானே வழியுண்டு? அத்தகைய திருத்தம் 2025 நவம்பரில் நம் மாநிலத்திலும் தொடங்கிற்று என்பதை நேயர்கள் அறிவர்.

ஓரிலைக்காக மரத்தையே மூடும் வழக்கத்திற்கும் அண்மையில் ஓர் உதாரணம் கண்டோம். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரம் காரணமாக விகடன் வலைத்தளம் முழுவதும் முடக்கப்பட்டது. ஒரு பக்கத்தைப் பற்றிய வழக்கில், நூற்றாண்டு வயதை எட்டிய ஒரு ஸ்தாபனத்தின் செய்திகள் யாவும் வாசகர்க்கு எட்டாமற் போயின. மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கியபின் தளத்தைத் திறந்துவிடுமாறு கூறியது. சித்திரம் தகுமா தகாதா என்பது வேறு வழக்கு. பிணக்கு ஒரு பக்கத்தில் இருக்க, புத்தகம் முழுவதையும் பூட்டலாமா என்பதே நம் கேள்வி. நம் சங்கத்துத் தீர்மானமும் இவ்வகையினதே. தீங்கு விளைந்தது கைப்பேசி எண்ணால். பூட்டப்போவதோ கணக்குப் புத்தகத்தை.

மறுதரப்பாரும் சொல்வதுண்டு

அந்தரங்கம் என்பது பொய்யன்று. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மர் ஒருமுகமாக அதனை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அவ்வாண்டிலேயே சர்க்கார் வலைத்தளங்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றில் உதவி பெறுவோரின் ஆதார் எண்கள் வெளிப்படையாகக் கிடந்தன என்பது வெளிவந்தது. கவனமின்றித் திறந்து வைத்தலும் ஏழைகளுக்கே தீங்கு செய்யும். நம் குலத்து அம்மையார் ஒருவர் பட்ட துன்பம் அதற்குச் சான்று. கோயிற் சுவரை வாசிக்க அவ்வூர்க்கே போதல் வேண்டும். வலைத்தளத்தையோ எந்த நாட்டிலிருக்கும் கள்வனும் தன் இருப்பிடத்திலிருந்தே வாசிப்பான். இவ்வேற்றுமையை மறந்து, எல்லாவற்றையும் திறந்து வையுங்கள் என்று யாம் சொல்லோம்.

ஆனால் அச்சாசனத்தாரும் எல்லாவற்றையும் திறந்து வைத்தவர்கள் அல்லர். குற்றங்களின் வகைகளை அடுக்கிச் சொல்லும் அச்சாசனங்கள், இன்ன குற்றம் செய்தவன் இன்னான் என்று ஊராருள் ஒருவன் பெயரையும் சுவரில் எழுதித் தூற்றவில்லை. ஓலைகள் கட்டப்பட்டே குடத்தில் விழுந்தன. எடுப்பவன் ஒன்றும் அறியாத பாலனாக இருந்தான். ஆக, அங்கே மறைவும் இருந்தது. ஆனால் அம்மறைவு யாரைக் காத்தது? ஓலை எடுப்பதன் நேர்மையைக் காத்தது. சாமானியனது மானத்தைக் காத்தது. பதவியில் இருப்பவனை அது காக்கவில்லை. அவன் கையும் கணக்கும் உறவும் மாத்திரம் வெளிச்சத்தில் நிறுத்தப்பட்டன.

இதுவே நாம் கைக்கொள்ளத்தக்க அளவுகோல் என்க. ஒரு தகவல் நோவு தருவதா என்று மட்டும் கேட்டல் ஆகாது. அது யாருக்கு நோவு தருவது என்று கேட்டல் வேண்டும். உதவி கேட்டு நிற்பவரது வறுமை, நோய், வங்கி எண், வீட்டு விலாசம் ஆகியன அவர்க்குரியன. அவற்றை மறைத்தல் அறம். உதவியைப் பகிர்ந்தளிப்பவர் என்ன செய்தார், எவ்வளவு செலவிட்டார், யாருக்கு உறவினர் என்பன ஊர்க்குரியன. அவற்றை மறைத்தல் அறமன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பதே இக்காலத்துப் பெரிய அபாயம். மேலும், பூட்டிய ஏட்டின் திறவுகோல் உள்ளிருப்பார் கையில் இருக்கும். உள்ளிருப்பாருள் ஒருவன் கெட்டவனாயின் அதனை விலைக்கும் விற்பான். அப்பொழுது கள்வனுக்கு ஏடு திறந்தே இருக்கும். உரிமையுடையார்க்கு மாத்திரம் மூடியிருக்கும்.

நாம் செய்யத்தக்கது

ஆதலின், வருகின்ற பொதுக்கூட்டத்தில் அத்தீர்மானத்தை அப்படியே ஏற்காமல், பின்வருமாறு திருத்தி நிறைவேற்றுமாறு அங்கத்தினரை வேண்டுகின்றோம்.

முதலாவது, மாணாக்கர் பெயர், கைப்பேசி எண், குடும்ப வருமானம், வங்கி விவரம் ஆகியவற்றை வலைத்தளத்தினின்று இன்றே நீக்குக. தொடர் எண், ஊர், படிப்பு, கொடுத்த தொகை ஆகியன மட்டும் நிற்க. உதவி பெற்ற ஒவ்வொருவரும் தம் தொடர் எண்ணைக் கொண்டு, தமக்கெனக் குறித்த தொகை தமக்கு வந்த தொகைதானா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பெயர்களுடன் கூடிய முழுப் பட்டியல் சங்க அலுவலகத்தில் பதிவேடாக இருக்க. அங்கத்தினர் எவரும் நேரில் வந்து, கையெழுத்திட்டு, அதனைப் பார்வையிடலாம். படியெடுத்தல் மட்டும் கூடாது. பதவியில் இல்லாத அங்கத்தினர் பெயர்களைக் குடத்திலிட்டு, சிறு குழந்தை ஒன்றைக் கொண்டு மூன்று பெயர் எடுத்து, அம்மூவர் ஆண்டுதோறும் பட்டியலைச் சோதித்துக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பார்களாக. நம் ஊர் முறை நமக்கே உதவட்டும்.

மூன்றாவது, வரவு செலவுக் கணக்கும் தணிக்கையாளர் அறிக்கையும் நிர்வாக சபை முடிவுகளும் இதுகாறும் போலவே வலைத்தளத்திலும் இப்பத்திரிகையிலும் யாவரும் காண வெளியாகுக. உதவி பெறுவோரைத் தெரிந்தெடுத்த நிர்வாகிகளின் பெயர்களும், பெறுவோருள் எவரேனும் அவர்தம் உறவினராயின் அச்செய்தியும் உடன் வெளியாகுக.

நான்காவது, விண்ணப்பித்துக் கிடைக்காதவர் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுத்து மூலம் தெரிவிக்கப்படுக.

ஐந்தாவது, ஒருமுறை வெளியிட்ட கணக்கைத் திருத்த நேரின், பழையதை அழிக்காமல், திருத்திய நாளையும் காரணத்தையும் குறித்துப் புதியதை அதன் கீழ்ச் சேர்க்க.

இவற்றோடு, நம் கவனக்குறைவால் பணம் இழந்த அம்மையார்க்கு அத்தொகையைச் சங்க நிதியினின்று ஈடு செய்தல் வேண்டும். அதனையும் கணக்கில் எழுதுதல் வேண்டும். அவர் பெயரை எழுத வேண்டுவதில்லை. நம் பிழை என்று எழுதினாற் போதும்.

நிர்வாகிகளுள் சிலர்க்கு இக்கட்டுரை மனவருத்தம் தரக்கூடும். அவர்கள்மீது எமக்கு ஐயம் யாதும் இல்லை. ஊதியமின்றிச் சங்கத்திற்கு உழைப்பவர் அவர்கள். ஆயினும் இன்று பதவியில் இருப்பவரை நம்பிப் பூட்டிய கதவு, நாளை வருபவர்க்கும் பூட்டியே நிற்கும். உத்தரமேரூர் மத்தியஸ்தனும் நல்லவனாகவே இருந்திருப்பான். அவன் விரல்களை விரித்து நீட்டியதால் அவனுக்கு இழுக்கு வந்ததில்லை. ஊரார்க்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த முறை உத்தரமேரூர்க்குச் செல்வோர், சந்தையும் கச்சேரியும் முடித்துத் திரும்புமுன், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அக்கோயிற் சுவரண்டை சிறிது நேரம் நிற்பார்களாக. பொதுக்கூட்டத்திற்கு அனைவரும் தவறாது வருவார்களாக.